ராமாமணி டீச்சரின் தண்ணீர்ப் புட்டிகள்

அந்த வருஷம் ரமலான் மாதம் சித்திரை வெயிலில் வந்து சேர்ந்தது. சிங்காநல்லூர் தாண்டிப் போகிற ரோட்டில் ஒதுங்குவதற்கு ஒரு நல்ல மரம் கிடையாது. கோட்டைமேட்டு அப்துல் நாசர் தன்னுடைய ஜட்கா வண்டியில் ராமாமணி டீச்சரை ஏற்றிக்கொண்டு காலையிலிருந்து ஊர் ஊராகப் போய், சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தார். நோன்பு பிடித்த வாய். நாக்கு அண்ணத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

வண்டிக்குள் டீச்சருடைய மோர்த் தூக்கு காலையிலிருந்து ஆடிக்கொண்டே வந்தது. அதன் மூடி திறந்த சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்த அம்மாவுக்குத் தாகமே எடுக்காது போல என்று நாசர் நினைத்துக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரம். ஒரு தோட்டத்துக் கிணற்றடி வந்ததும் டீச்சர், "பாய், நிறுத்துங்க. குதிரை தண்ணி கேக்குது" என்றார்.

"கேக்கலைங்க அம்மணி. இப்பத்தான் இருகூர்ல ஒரு தொட்டியைக் காலி பண்ணுச்சு."

"இல்லீங்க, கேக்குது. காதை ஆட்டுது பாருங்க."

குதிரை காதை ஆட்டியது ஈக்காக. ஆனாலும் சொன்ன பிறகு நிறுத்தாமல் போக முடியுமா? நாசர் நிறுத்தினார். டீச்சர் இறங்கி, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வண்டிப் பலகைமேல் வைத்தார். "எங்கூட்டுல யாரும் பேரீச்சம்பழம் திங்கறதில்லீங்க. வெச்சிருந்தா எறும்புதான் மொய்க்கும்" என்று சொல்லிப்போட்டு வரப்போரமாக நடந்துபோய், அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். நாசர் நோன்பு திறந்து, கிணற்றடியில் தொழுது எழுந்து வந்து, டீச்சரை ஏற்றி வண்டியை ஓட்டின பிறகுதான் தூக்கு மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு தூக்கு மோரையும் டீச்சர் ஒரே மூச்சில் குடித்தார்.

  அன்று ராத்திரித் தொழுகையில் நாசர் டீச்சருக்காகவும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.

ராமாமணி தொண்டாமுத்தூர்ப் பக்கத்து நாயக்கமார் குடும்பம். தென்னந்தோப்பும் வாழையும், ராத்திரியானால் யானைக்குக் காவலுமாக இருந்த வீடு. அந்த வீட்டிலிருந்து மெட்ராஸ் போய் ரசாயனம் படித்துவிட்டு வந்து, கோயமுத்தூரில் ஒரு காலேஜில் வேலை பார்த்தார். கல்யாணம் வேண்டாமென்று இருந்துபோட்டார். "யானையைக்கூட முடுக்கிப்போடலாம், இவளைக் கல்யாணத்துக்குத் திருப்ப முடியாது" என்று அவர் அப்பா வெங்கடபதி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நெற்றியில் சின்னதாகக் குங்குமம், சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயில். சோதனைச் சாலையில் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்கிறதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நாசருக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். எந்த வேலையையும் ஆண்டவனை நினைத்துத் தொடங்குகிறவர்களை அவர் தன் ஆள் என்றே எடுத்துக்கொள்வார்.

அப்போது டீச்சர் பிடித்திருந்த வேலை, நொச்சிக்காட்டுப்புதூர் என்கிற ஊரைப் பற்றியது. கோயமுத்தூருக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமி. அந்த ஊர்க் குழந்தைகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தால் பழுப்பும் கோடுமாக முளைக்கும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் "துருப்பல்லு" என்று கூப்பிடுவார்கள். வயதானவர்களுக்கு முதுகு இறுகிப்போகும். சூட்டு உடம்பு என்று சிலர் சொன்னார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செலுத்தாததுதான் காரணம் என்றார்கள் இன்னும் சிலர்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்த டாக்டர் நஞ்சுண்டன்தான் முதலில் சந்தேகப்பட்டது. "தண்ணிதாங்க இது. நெலத்துக்கடியில புளோரைடுன்னு ஒரு உப்பு இருக்கும். அளவோட இருந்தா நல்லது. மிஞ்சிப்போனா பல்லைக் கெடுக்கும், எலும்பை இறுக்கும். ஆனா நாஞ் சொன்னாப் போதுமா? யாராச்சும் அளந்து காட்டோணும்" என்று டீச்சரிடம் வந்து நின்றார்.

டீச்சர் ஒத்துக்கொண்டார். தண்ணீரில் விடுகிற சிவப்பு மருந்தை அவரே காய்ச்சினார். அந்த உப்பு மிஞ்சின தண்ணீரானால் சிவப்பு வெளுத்து மஞ்சளாக மாறும். நல்ல தண்ணீரானால் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். நிறத்தைச் சரியாகப் பார்க்க பிசிக்ஸ்காரர்கள் ஒரு விளக்குப் பெட்டி செய்து கொடுத்தார்கள். எந்த வீட்டுத் தண்ணீருக்கு எவ்வளவு பல் கெட்டிருக்கிறது என்று பொருத்திப் பார்க்கிற வேலை கணக்கு வாத்தியார் வேங்கடசாமியுடையது. இப்படி நாலு படிப்புக்காரர்களும் ஒரு ஊர்த் தண்ணீருக்காக ஒன்று சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள், அவர்களை எல்லாம் ஏற்றி இறக்கின நாசர்.

குழாய் போடுகிற போர்டு இஞ்சினீர் நல்ல மனுஷர்தான். ஆனால் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட்டார். "தண்ணிதான் காரணம்னு கணக்கோட காட்டுங்கம்மா. தை மாசக் கூட்டத்துல நானே எழுந்து பேசறேன். காட்டலைன்னா அந்தக் குழாய் வேற ஊருக்குப் போயிரும். அப்புறம் எப்ப வருமோ, எனக்கே தெரியாது."

நொச்சிக்காட்டில் டீச்சர் முதலில் போய் இறங்கினது பங்காரம்மா வீட்டில். ஊருக்கே பெரிய வாய் அந்த அம்மாவுக்கு. அவர் புருஷன் சுப்பண்ணனுக்கு முதுகு வளையாது. கோயிலில் எல்லோரும் விழுந்து கும்பிடும்போது அவர் மட்டும் நட்ட கம்பம் மாதிரி நிற்பார். "பெருமாளே, எனக்குத் திமிருன்னு நெனைச்சுப்போடாதீங்க. முதுகுதானுங்க" என்று சத்தமாகவே சொல்லுவார்.

வந்தவர்களுக்குப் பங்காரம்மா பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். டீச்சர் குடித்துவிட்டு, "இனிக்குதுங்களே அக்கா" என்றார். பங்காரம்மா சிரித்துக்கொண்டார். 

டீச்சர் எல்லா வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, நன்றாகக் கழுவின மருந்துப் புட்டி ஒவ்வொன்று கொடுத்தார். "உங்கூட்டுத் தண்ணி ஒரு புட்டி வேணுங்க. காலேஜுல சோதிச்சுப் பாப்போம். பெரிய டாக்டரும் பாப்பாருங்க" என்று சொன்னார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். சொன்ன நாளில் புட்டிகள் தயாராக இருந்தன. தக்கை போட்டு, நூல் கட்டி, சில புட்டிகளுக்கு மஞ்சள்கூடத் தடவியிருந்தது.

சோதனைச் சாலையில் சிவப்பு மருந்தை விட்டார்கள். சிவப்பு சிவப்பாகவே நின்றது. எல்லாப் புட்டியும் அப்படித்தான். புட்டியில் கோளாறோ என்று இன்னொரு தடவை கழுவிக் கொடுத்து வாங்கி வந்தார்கள். அப்போதும் சிவப்பு. அதில் ஒரு புட்டியில் வெட்டிவேர் வாசம் அடித்தது, இன்னொன்றில் ஏலக்காய்.

கணக்கு வாத்தியார் வேங்கடசாமி மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, நீங்க செய்யறது ஆராய்ச்சிங்களா, பானகமா? பானகம்னா எனக்கொரு டம்ளர் வெச்சிருங்க" என்றார்.

"பானையில வெட்டிவேர் போட்டுவெக்கறது எல்லா ஊட்டுலயும் இருக்கறதுதானுங்க" என்றார் டீச்சர். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

மார்கழியும் பாதி போய்விட்டது. டாக்டர் நஞ்சுண்டன் வந்து சோதனைக் குழாய்களை விளக்குப் பெட்டியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். "நான்தான் தப்பா நெனைச்சுட்டனாட்ட இருக்குதுங்க. தண்ணி மேல வீண்பழி போட்டுட்டேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு போனார்.

வெளியே குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த நாசருக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. அந்த மருந்துல என்னத்தையாச்சும் சேத்து மஞ்சளாக்கிப்போட முடியாதுங்களா? குழாய் வந்தாச் சரிதானுங்களே. புள்ளைங்க நல்ல தண்ணி குடிக்கட்டுமே" என்றார்.

"ஆக்கலாம் பாய். ஆனா அது தண்ணி சொன்னதா இருக்காதுங்க. நாஞ் சொன்னதா இருக்கும்."

 டீச்சர் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாளைக்குப் போலாங்க பாய். மூணாந் தடவைக்குக் குடுத்த புட்டி அங்க கெடக்குது, எடுத்துட்டு வந்துரலாம். தண்ணியில குத்தம் இல்லைன்னு அவங்க மொகத்தப் பாத்துச் சொல்லிப்போடறேன். இன்னொருத்தர் வாயால அவங்க கேக்கக் கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றுதான் ஊரில் சொல்லியிருந்தார். அன்றைக்குப் புதன்.

காலையில் பனி.  நாசர் தன் பாட்டுக்கு, "யா அல்லா, இந்த அம்மா அங்க போய் அழுதுபோடக் கூடாது" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். நொச்சிக்காட்டுக்கு முன்னாலேயே ஒரு கல் தொலைவில் ரோடு பிரிகிறது. பிரிகிற இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் பெருமாள் கோயில் ஒன்று, அதற்கென்று ஒரு கிணறு. வண்டி அந்த இடத்துக்கு வந்தபோது எதிரே பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் குடம் இல்லை. ஆளுக்கொரு கையில் மருந்துப் புட்டி. முன்னால் பங்காரம்மா.

வண்டியைப் பார்த்ததும் வரிசை அப்படியே நின்றது. பங்காரம்மா புட்டியை முந்தானைக்குள் மறைத்தார். பின்னால் இருந்தவர்களும் மறைத்தார்கள்.

"ஏனுங்க டீச்சரம்மா, வெள்ளிக்கெழமதான வாரேன்னீங்க?"

"புட்டிய எடுத்துட்டு எங்கீங்க அக்கா போறீங்க?"

"நாங்க எங்கீங்க போறோம்? கோயிலுக்குத்தான். மார்கழியாச்சே."

"புட்டியும் சாமி கும்புடுதுங்களா?" என்றார் நாசர்.

பின்வரிசையில் ஒரு பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். பங்காரம்மா திரும்பி அவளை முறைத்தார். பிறகு மறைக்க முடியாதென்று தெரிந்ததும் முந்தானையை விலக்கிப் புட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"பின்ன என்னங்க டீச்சரம்மா? காலேஜுக்குப் போற தண்ணி. பெரிய டாக்டரு பாப்பாருன்னீங்க. அவரு வாயில வெச்சாத் துப்பிப்போடற மாதிரி எங்கூட்டு உப்புக் கரிக்கற சப்பைத் தண்ணியவா குடுத்தனுப்ப முடியும்? நாளைக்கு நொச்சிக்காட்டுக்காரங்களை யாராச்சும் மதிப்பாங்களா? அதுதான் பெருமாள் கோயில் கெணத்துல புடிச்சு, துணி போட்டு வடிகட்டிக் குடுத்தோம். விருந்தாளி வந்தா நாங்க அந்தத் தண்ணிதானுங்க குடுக்கறது. உங்களுக்கும் மொதநாள் அதைத்தான குடுத்தேன்?"

"எல்லாப் புட்டியுமாங்க அக்கா?"

"ஒரு புட்டி மாறாது. நான் சும்மா உடுவனா? எங்க மாசாணம் ஏலக்காகூடத் தட்டிப் போட்டா, டாக்டருக்கு வாசமா இருக்கட்டும்னு."

சிரித்த பெண்தான் மாசாணம். தலையைக் குனிந்துகொண்டாள். "குடிச்சுப் பாத்துத்தானுங்க சோதிப்பாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

டீச்சர் வண்டியிலிருந்து இறங்கினார். ரோட்டோரத்து மைல் கல்மேல் உட்கார்ந்தார். அழத்தான் போகிறார் என்று நாசர் பயந்துபோனார். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. என்ன ஏதென்று தெரியாமல் அந்தப் பெண்களும் சிரித்தார்கள். "பெருமாளே, உங்க தண்ணியவா நான் ரெண்டு மாசமாச் சோதிச்சிட்டிருந்தேன்!" என்று கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார் டீச்சர்.

"உங்க தண்ணியில ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லத்தானுங்க அக்கா வந்தேன். நல்ல வேளை, சொல்லலை."

ஆனால் காரியம் அதோடு முடியவில்லை. ஊருக்குள் போய், யாரும் குடித்துப் பார்ப்பதில்லை, மருந்து விட்டு நிறம் பார்ப்பதுதான் என்று விளக்கமாகச் சொன்னார். சுப்பண்ணன் எல்லாம் கேட்டுவிட்டு, "அது சரிங்க. இருந்தாலும் ஊரு விட்டு ஊரு போற தண்ணி. சப்பைத் தண்ணியக் குடுத்தனுப்ப மனசு வரலைங்களே" என்றார். மற்றவர்களும் அப்படியேதான் நின்றார்கள். ஒருவரும் புட்டியைத் தங்கள் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகவில்லை. மரியாதையாகச் சிரித்துக்கொண்டே மறுத்தார்கள். கோபித்துக்கொண்டு மறுத்தாலாவது சண்டை போடலாம்.

டீச்சர் எழுந்து நேராகப் பங்காரம்மா வீட்டுக்குள் போனார். சமையல்கட்டில் அவர்கள் தினமும் புழங்குகிற பானையைத் திறந்து, கொட்டாங்கச்சி அகப்பையால் மொண்டு மடமடவென்று குடித்தார்.

"ஐயையோ, அது சப்பைத் தண்ணிங்க! உடுங்க!" என்று பங்காரம்மா ஓடி வந்தார்.

"விருந்தாளிக்குத்தானுங்க அக்கா கோயில் தண்ணி. கூடப் பொறந்தவளுக்கு எந்தத் தண்ணிங்க?"

வாசலில் நின்ற நாசர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.   உள்ளேயிருந்து பங்காரம்மாவின் குரல் வந்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டுப் பேசினவர், இப்போது வேறு மாதிரி பேசினார்.

"பொறந்தவளா இருந்தா மொதல்ல வந்து சோத்தத் தின்னு. ஆளைப் பாரு, காத்தடிச்சா உழுந்துருவா. தின்னுபோட்டு அப்புறம் புட்டியக் கேளு. ஏனுங்க பாய், நீங்க எதுக்கு வாசல்லயே நிக்கறீங்க? தங்கச்சியக் கூட்டிட்டு வந்தவரு பட்டினியா போறதாட்டம் இருந்தா எங்கூட்டுக்கு என்ன மரியாதை?"

கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும். பருப்பு சரியாக வேகவில்லை. "எங்க தண்ணிக்கு இவ்வளவுதான் வேகும். பல்லு இருக்கறவங்க தின்னுங்க" என்றார் பங்காரம்மா. நாசர் மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் கிணற்றில் புட்டியை முக்கினார்கள். மாசாணம் ஏலக்காயை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மாமியார் அதைக் கையிலிருந்து பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

சோதனைச் சாலையில் டீச்சர் விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பற்றவைத்தார். டாக்டர் நஞ்சுண்டனும் கணக்கு வாத்தியாரும் வந்துவிட்டார்கள். நாசரையும் உள்ளே கூப்பிட்டார்கள். முதல் குழாயில் சிவப்பு மருந்து விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு கரைந்து, ஆரஞ்சாகி, பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளானது. அடுத்ததும் மஞ்சள். சுப்பண்ணன் வீட்டுப் புட்டிதான் எல்லாவற்றையும்விட மஞ்சள். ஒரே ஒரு குழாய் மட்டும் சிவப்பாக நின்றது. அது கோயில் கிணற்றுத் தண்ணீர். டீச்சரே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது.

"பெருமாள் தப்பிச்சுட்டாருங்க" என்றார் கணக்கு வாத்தியார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கத் தொடங்கினார். தண்ணீரில் உப்பு ஏற ஏறப் பல்லின் கேடும் ஏறிக்கொண்டே போனது. "ஒழுங்கா வரிசையில நிக்குது பாருங்க. எங்க பள்ளிக்கூடத்துப் பசங்ககூட இப்படி நிக்க மாட்டானுங்க" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் ஆண்டவனுக்குத்தானுங்க" என்றார் நாசர். டீச்சர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி, "ஆமாங்க பாய்" என்றார்.

தை மாதக் கூட்டத்தில் இஞ்சினீர் எழுந்து பேசினார். கோயில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, நொச்சிக்காட்டுக்குக் குழாய் வந்துசேர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று ஊரே வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. குழாய்க்குப் பங்காரம்மா மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டார். தண்ணீர் வந்த வேகத்தில் மாலை பறந்துபோய் இஞ்சினீர் காலடியில் விழுந்தது. "குழாய்க்குப் போட்டது உங்களுக்கே வந்துருச்சுங்க, போட்டுக்குங்க" என்று பங்காரம்மா எடுத்து அவர் கழுத்தில் போட்டுவிட்டார். முதல் சொம்புத் தண்ணீரில் பருப்பு வேகப்போட்டார்கள். கரைந்துபோகிற மாதிரி வெந்தது. அதை அன்றைக்கு எல்லோரும் கோயில் பிரசாதம் மாதிரி கையில் வாங்கித் தின்றார்கள்.

நாலைந்து வருஷம் கழித்து, ஐதராபாத்தில் ஒரு ஆராய்ச்சிச் சாலையிலிருந்து டீச்சரை வரச்சொல்லிக் கேட்டார்கள். அங்கேயும் இந்த மாதிரி ஊர்கள் நிறைய இருக்கின்றனவாம். போகிறதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்காட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். குழாய் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளைத் தேடித் தேடிப் பார்த்தார். எல்லாம் பால்பல் பிள்ளைகள். அரிசி மாதிரி வெள்ளையாகத்தான் இருந்தது. "பாலுப்பல்லு அப்பவும் வெள்ளையாத்தானுங்க இருந்துச்சு. நெசம் தெரியறது இது உழுந்து மொளைக்கறப்பத்தான்" என்று நாசரிடம் சொன்னார்.

கோயமுத்தூர் ஸ்டேஷனில் வழியனுப்ப டாக்டரும் கணக்கு வாத்தியாரும் பழக்கூடையோடு வந்திருந்தார்கள். பங்காரம்மா கொள்ளுப்பொடி கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். நாசர் பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றார்.  "போற எடத்துல ஆண்டவன் உங்களை நல்லா வெச்சிருப்பானுங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். டீச்சருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. வண்டி ஊதி நகர ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

"பாய், அந்தப் புள்ளைங்களுக்குப் புதுப்பல்லு மொளைக்கறப்ப நீங்களே போய்ப் பாத்து எனக்கு எழுதுங்க. பழுப்பா இருந்தாப் பழுப்புன்னே எழுதுங்க. எம் மனசு நோகுமேன்னு மாத்தி எழுதிப்போடாதீங்க!"